ஸெட்டா, சிடியா: டெர்மினலில் ஃபோல்டர் தாவ எந்தக் கருவி?

"வரவு" என்று தட்டி என்டர் அடிக்கிறீர்கள். அந்தப் பெயரில் ஃபோல்டர் எதுவும் இல்லை. ஆனால் "வருகை" என்று ஒன்று இருக்கிறது, அடிக்கடி போய்வந்த ஃபோல்டர். ஃபோல்டர் மாற்றும் சிடி கட்டளையிடம் கேட்டிருந்தால் அப்படி ஒரு ஃபோல்டர் இல்லை என்று சொல்லிவிட்டு நின்ற இடத்திலேயே நின்றிருக்கும். போய்வந்த இடங்களை நினைவில் வைத்து ஊகித்துத் தாவும் ஆட்டோஜம்ப்பிடம் கேட்டிருந்தால் வருகைக்குள் கொண்டுபோய் இறக்கிவிட்டிருக்கும். அடுத்துத் தட்டப்போவது கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் என்றால் சிரித்துவிட்டுத் திரும்பலாம். கோப்புகளை அழிக்கும் ஆர்எம் என்றால் சிரிக்க முடியாது.

ஃபோல்டர் தாவும் கருவிகளை ஒப்பிடுபவர்கள் பெரும்பாலும் வேகத்தையும் எத்தனை எழுத்து மிச்சம் என்பதையும் கணக்குப் பார்க்கிறார்கள். அதற்கு முன் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. கருவி ஓர் ஊகம் செய்கிறது என்றால், அந்த ஊகத்தைத் தாவுவதற்கு முன் உங்களிடம் காட்டுகிறதா, தாவிய பிறகு சொல்கிறதா, சொல்லவே இல்லையா? இந்த ஒரு கேள்வியை வைத்தே கீழே உள்ள கருவிகளைத் தரம் பிரிக்கலாம்.

கட்டளைப் பெயர்களை இங்கே ஒலிப்படி எழுதியிருக்கிறோம். தட்டும்போது கட்டளைகள் எல்லாம் ஆங்கிலச் சிற்றெழுத்து, சிடிபாத் போன்ற மாறிகள் ஆங்கிலப் பேரெழுத்து. எடுத்துக்காட்டு ஃபோல்டர்களின் பெயர்கள் தமிழில் இருக்கின்றன. லினக்ஸிலும் மேக்கிலும் தமிழ்ப் பெயர் வைக்கத் தடையேதும் இல்லை. தமிழில் மட்டும் தலைகாட்டும் சில சிக்கல்கள் உண்டு, அவையும் வரும்.

ஃபஸ்ஸி என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வேலைகள்

"இந்தக் கருவி ஃபஸ்ஸி" (பெயர் முழுதாகப் பொருந்தாவிட்டாலும் ஏற்கும்) என்று யாராவது சொன்னால் எந்த ஃபஸ்ஸி என்று கேட்க வேண்டும். மூன்று இருக்கின்றன, மூன்றும் வெவ்வேறு தவறுகளைப் பொறுக்கும்.

முதலாவது துண்டுப் பொருத்தம். தட்டிய எழுத்துகள் இடைவெளி இல்லாமல் பாதையின் ஏதோ ஓரிடத்தில் இருந்தால் போதும். ஸாக்ஸைடு என்ற கருவி (தட்டும் கட்டளை ஸெட்) இதைத்தான் செய்கிறது. இதை ஃபஸ்ஸி என்று அழைப்பதே மிகை. பாதிப் பெயர் சொல்ல அனுமதிக்கும் கறார்ப் பொருத்தம் என்றால் சரியாக இருக்கும்.

இரண்டாவது வரிசைப் பொருத்தம். தட்டிய எழுத்துகள் அதே வரிசையில் வந்தால் போதும், நடுவில் எத்தனை எழுத்து விட்டுப்போனாலும் பரவாயில்லை. பட்டியலைக் காட்டித் தேர்ந்தெடுக்கச் சொல்லும் எஃப்ஸெட்எஃப் இந்த வகை.

மூன்றாவது ஒப்புமைப் பொருத்தம். தட்டியதும் ஃபோல்டர் பெயரும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று ஒரு விகிதம் கணக்கிட்டு, வரம்பைத் தாண்டினால் ஏற்றுக்கொள்வது. ஆட்டோஜம்ப் பைத்தான் மொழியின் டிஃப்லிப் நூலகத்தை வைத்து இதைச் செய்கிறது. வரம்பு 0.6.

ஒற்றுப்பிழை ஒன்றை எடுத்துக்கொண்டால் மூன்றின் வேறுபாடும் பளிச்சென்று தெரியும். ஃபோல்டரின் பெயர் "விலைப்பட்டியல்". அவசரத்தில் "விலைபட்டியல்" என்று ஒற்றை விட்டுத் தட்டுகிறோம். துண்டுப் பொருத்தம் கைவிரித்துவிடும், ஏனென்றால் "லைபட" என்ற தொடர் அந்தப் பெயரில் கிடையாது. வரிசைப் பொருத்தம் கண்டுபிடித்துவிடும். விட்டுப்போன எழுத்துகள் அதற்குப் பொருட்டே இல்லை. ஒப்புமைப் பொருத்தமும் கண்டுபிடிக்கும்: கணினி எழுத்தைச் சேமிக்கும் யூனிகோடு முறையில் ஒன்று 14 குறி, இன்னொன்று 12 குறி, பொதுவானவை 12, இரு பக்கமும் சேர்த்து விகிதம் 24/26, அதாவது 0.92.

இப்போது தலைகீழாக. ஃபோல்டருக்குப் பெயர் வைத்தவர் ஒற்றை விட்டுவிட்டார். நீங்கள் இலக்கணச் சுத்தமாக "விலைப்பட்டியல்" என்று தட்டுகிறீர்கள். எஃப்ஸெட்எஃப் பட்டியல் காலியாகிவிடும். அதற்கு எழுத்து குறையலாம், கூடக் கூடாது, இடம் மாறவும் கூடாது. எஃப்ஸெட்எஃப் தட்டச்சுப் பிழையைத் திருத்தும் என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் பலர். அது திருத்தாது, விட்டதைப் பொறுக்கும், அவ்வளவுதான். கூடுதல் எழுத்தையும் இடமாற்றத்தையும் பொறுப்பது மூன்றாவது வகை மட்டுமே.

அப்படியானால் மூன்றாவதே சிறந்தது என்று தோன்றும். "வரவு", "வருகை" கணக்கைப் போட்டுப் பாருங்கள். வ, ர, வ, உகரக்குறி என்று முதலாவது 4 குறி. வ, ர, உகரக்குறி, க, ஐகாரக்குறி என்று இரண்டாவது 5. பொதுவாக வரிசையில் வருபவை 3. விகிதம் 6/9, அதாவது 0.67, வரம்பைத் தாண்டிவிட்டது. கணக்குக்கு இரண்டும் நெருங்கிய சொந்தம். வேலைக்கு ஒன்று பணம், இன்னொன்று ஆட்கள். ஆட்டோஜம்ப்புக்காகவும் ஒன்று சொல்ல வேண்டும்: சரியான தொடர்ப் பொருத்தம் கிடைத்தால் அதைத்தான் முதலில் எடுக்கும், கிடைக்காதபோதுதான் ஒப்புமைக்குப் போகும். போய்ச் சேர்ந்த பாதையைத் திரையில் அச்சிடவும் செய்யும். ஆனால் உங்கள் சம்மதத்துக்குக் காத்திருக்காது, உடனே தாவிவிடும்.

கறார் பக்கம் இருப்பவை

எதையும் நிறுவாமலே கிடைக்கும் வசதிகளைப் பலர் பாதிதான் பயன்படுத்துகிறார்கள், அதனால் முதலில் அவை.

பாதிப் பெயர் தட்டி டேப் அடித்தால் மீதியை நிரப்பும் டேப் நிறைவு எல்லோருக்கும் தெரியும். பாஷ் என்ற ஷெல்லில் (நாம் தட்டும் கட்டளைகளைப் படித்து ஓட்டும் நிரல்) ரீட்லைன் அமைப்பில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டை விட்டுவிடச் சொல்லலாம்; முதல் டேப்பிலேயே எல்லாப் பொருத்தங்களையும் காட்டவும் சொல்லலாம். ஸெட்-ஷெல் என்ற மற்றொரு ஷெல்லில் நிறைவு அமைப்பை இயக்கினால் இன்னும் ஒரு படி மேலே: பாதையின் ஒவ்வொரு அடுக்குக்கும் முதலெழுத்து மட்டும் தட்டி டேப் அடித்தால் முழுப் பாதையும் விரியும். ~/வே/ஊ என்று தட்டினால் ~/வேலை/ஊதியம் ஆகும் (~ என்றால் உங்கள் வீட்டு ஃபோல்டர்). இரண்டு ஃபோல்டர் ஒரே எழுத்தில் தொடங்கினால் எங்கே குழப்பமோ அங்கே நிற்கும். தாவுவதற்கு முன் காட்டுவது என்றால் இதுதான் அதன் ஆகச் சுத்தமான வடிவம்.

சிடிபாத் என்ற மாறி அடுத்தது. சிடிக்கு ஒரு பெயரைக் கொடுத்தால் எந்தெந்தத் தாய் ஃபோல்டர்களுக்குள் தேட வேண்டும் என்று முக்காற்புள்ளியால் பிரித்துச் சொல்லிவைப்பது. ~/வேலை அதில் இருந்தால், எங்கே நின்றுகொண்டு "சிடி ஊதியம்" என்றாலும் ~/வேலை/ஊதியம் போய்விடும். பாஷில் இதை அமைக்கும்போது இரண்டு இடத்தில் கை சுடும்.

ஒன்று, வரிசை. நடப்பு ஃபோல்டரைப் பட்டியலில் முதலில் வைக்காவிட்டால், உங்கள் கண்முன் "மூலம்" என்ற ஃபோல்டர் இருக்கும்போதே "சிடி மூலம்" வேறெங்கோ உள்ள மூலத்துக்குப் போகும். முதலில் ஒற்றைப் புள்ளி வைக்கலாம், ஆனால் அப்படி வைத்தால் ஒவ்வொரு தடவையும் பாதையை அச்சிட்டுக்கொண்டிருக்கும். மாறியை வெறும் முக்காற்புள்ளியில் தொடங்குங்கள். காலி இடம் என்றால் நடப்பு ஃபோல்டர் என்று பொருள், அச்சும் வராது.

இரண்டு, எக்ஸ்போர்ட். சிடிபாத்தை எக்ஸ்போர்ட் செய்யவே கூடாது. செய்தால் நீங்கள் ஓட்டும் ஒவ்வொரு ஸ்கிரிப்டுக்கும் அது போய்ச் சேரும். தான் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க "என் ஃபோல்டருக்குள் சிடி செய், பிறகு பிடபிள்யூடி (நிற்கும் பாதையை அச்சிடும் கட்டளை) சொல்" என்று எழுதி, அதன் வெளியீட்டை ஒரு மாறியில் பிடிக்கும் ஸ்கிரிப்டுகள் ஏராளம். சிடிபாத் வழியாகப் போனால் சிடியும் பாதையை அச்சிடும், பிடபிள்யூடியும் அச்சிடும்; மாறியில் ஒரே பாதை இரண்டு வரியாக வந்து உட்கார்ந்துகொள்ளும். அதற்குப் பின் வரும் பிழைச் செய்திகளில் சிடிபாத்தின் பெயரே இருக்காது என்பதால் தேடிச் சாக வேண்டியதுதான். ஸ்கிரிப்ட் எழுதுபவர்கள் முதல் வரியிலேயே சிடிபாத்தை அன்செட் செய்து நீக்கிவிடுவது நல்லது.

ஸெட்-ஷெல்லில் ஃபோல்டருக்குச் சுருக்கப்பெயர் வைக்கும் வசதி இருக்கிறது. ஹாஷ் கட்டளைக்கு -டி கொடுத்துப் பெயரையும் பாதையையும் இணைத்துவிட்டால், பிறகு ~ குறியோடு அந்தப் பெயரை எங்கும் எழுதலாம். எங்கும் என்பதைக் கவனியுங்கள்: சிபி, விம், டிஃப் போன்ற எந்தக் கட்டளைக்கும். ஸெட் வகைக் கருவிகள் உங்களைத்தான் நகர்த்தும். சுருக்கப்பெயர் இருந்த இடத்திலிருந்தே கோப்பை நகர்த்த உதவும். பத்துப் பன்னிரண்டு இடங்களுக்குள் வேலை முடிந்துவிடும் ஒருவருக்கு இதுவே போதும், வேறெதுவும் நிறுவ வேண்டாம்.

பாஷிலும் ஒரு சொட்டு ஃபஸ்ஸி உண்டு. சிடிஸ்பெல் என்ற விருப்பத்தை இயக்கினால் எழுத்து இடமாற்றம், ஓரெழுத்து விடுபடல், ஓரெழுத்து கூடுதல் ஆகிய மூன்றை மட்டும் திருத்தி, திருத்திய பெயரை அச்சிட்டுவிட்டுப் போகும். மனிதர் தட்டும் ஷெல்லில் மட்டும் வேலை செய்யும், ஸ்கிரிப்டில் தலையிடாது. எல்லை தெரிந்த ஊகம் இது.

ஸாக்ஸைடு: பொருத்தம் கறார், தரவரிசை நகரும்

ஸாக்ஸைடு ரஸ்ட் மொழியில் எழுதப்பட்டது. ஸெட் என்ற பழைய ஷெல் ஸ்கிரிப்டின் வழித்தோன்றல். நீங்கள் போய்வரும் ஃபோல்டர்களை ஒரு தரவுத்தளத்தில் குறித்துவைத்து, ஸெட் என்று தட்டி ஒரு துண்டுப் பெயர் கொடுத்தால் பொருந்துவதில் முதல் மதிப்பெண் பெற்றதற்குத் தாவும். வட்டைத் துழாவுவது கிடையாது, அதனால் நெட்வொர்க் டிரைவிலும் வேகம் குறையாது. அதே காரணத்தால், ஒரு தடவைகூடப் போகாத இடத்துக்குத் துண்டுப் பெயரை வைத்து அதனால் அழைத்துப் போக முடியாது.

பொருத்த விதிகள் கச்சிதமானவை. ~/வேலை/ஊதியம்/மூலம் என்ற பாதையை வைத்துக்கொள்வோம். "ஸெட் ஊதி மூல" அங்கே போகும். "ஸெட் மூல ஊதி" போகாது, சொற்கள் பாதையின் வரிசையிலேயே வர வேண்டும். "ஸெட் ஊதி" என்று மட்டும் சொன்னாலும் அங்கே போகாது, ~/வேலை/ஊதியத்தோடு நின்றுவிடும். கடைசிச் சொல் பாதையின் கடைசி அடுக்கில் இருந்தாக வேண்டும். இந்த ஒரு விதி தெரியாமல் "ஸாக்ஸைடு ஒழுங்காக வேலை செய்யவில்லை" என்று கழற்றி எறிந்தவர்கள் உண்டு. எல்லாத் திட்டத்திலும் மூலம், சோதனை, ஆவணம் என்று ஒரே பெயர்கள் திரும்பத் திரும்ப வரும் இடத்தில் திட்டத்தின் பெயரையும் சேர்த்து இரண்டு சொல் தட்டும் பழக்கம் வேண்டும்.

தமிழ்ப் பெயரில் இன்னொரு நுணுக்கம். "ஸெட் கணக்கு" என்றால் "கணக்குகள்" வரும், "கணக்கியல்" வராது. உகரக்குறியும் ஒரு தனி யூனிகோடு குறி, இகரக்குறியோடு அது பொருந்தாது. "தொழில்" என்று புள்ளியோடு தட்டினால் "தொழிலாளர்" வராது, காரணம் அங்கே லகரத்துக்கு அடுத்து இருப்பது கால். கடைசி எழுத்தின் குறியை விட்டுவிட்டு "கணக்க", "தொழில" என்று மெய்யை மொட்டையாக நிறுத்தினால் எல்லாம் வரும்.

பொருத்தம் இப்படிக் கறாராக இருக்க, எதிர்பாராத இடத்தில் இறக்கிவிடுவது தரவரிசை. ஒவ்வொரு தடவை போகும்போதும் ஃபோல்டருக்கு 1 மதிப்பெண். தேடும்போது கடைசியாகப் போன நேரத்தைப் பொறுத்து அது பெருக்கப்படும்: ஒரு மணி நேரத்துக்குள் என்றால் 4 மடங்கு, ஒரு நாளுக்குள் 2 மடங்கு, ஒரு வாரத்துக்குள் பாதி, அதற்கும் முன் என்றால் கால் பங்கு. அண்மையும் தடவையும் கலந்த இந்தக் கணக்குக்கு ஃபிரீசென்சி என்று பெயர். 2008இல் ஃபயர்பாக்ஸ் 3இன் முகவரிப் பட்டையில் பலரும் கண்ட அதே யோசனை.

ஒரு நாள் பகலைப் பாருங்கள். ~/வேலை/ஊதியம் 40 மதிப்பெண், கடைசியாகப் போனது மூன்று நாளுக்கு முன். ~/பழையவை/ஊதியம் வெறும் 6, ஆனால் இருபது நிமிடம் முன்பு எதையோ தேடிப் போயிருக்கிறீர்கள். இப்போது "ஸெட் ஊதி" என்றால் 40இல் பாதி 20, 6இன் நான்கு மடங்கு 24, பழையவை ஜெயிக்கும். இப்போது தட்டாமல் சாப்பிட்டுவிட்டு இரண்டு மணி நேரம் கழித்து வந்து அதையே தட்டினால் 20க்கு எதிராக 12, வேலை ஜெயிக்கும். கட்டளை ஒன்று, போகும் இடம் இரண்டு, நடுவில் நீங்கள் எதையுமே மாற்றவில்லை. கைப்பழக்கத்தில் ஓட்டும் வேலைக்கு இது உதவாது. பாதை முக்கியமான இடத்தில் "ஸெட் வேலை ஊதி" என்று குறுக்கிக் கேட்க வேண்டும், அல்லது சிடி.

இதைவிடக் குறும்பான ஒன்று: ஸாக்ஸைடு நீங்கள் நிற்கும் ஃபோல்டரைப் போட்டியிலிருந்து விலக்கிவிடும். இரண்டு ஊதியங்களில் ஒன்றில் நிற்கும்போது மேல்நோக்கு அம்புக்குறியை அழுத்தி அதே "ஸெட் ஊதி"யை மறுபடி ஓட்டினால் மற்றொன்றுக்குப் போய்விடுவீர்கள். தெரிந்து செய்தால் இரண்டுக்கும் இடையே ஊஞ்சலாட நல்ல வழி.

அதனால் நிறுவிய அன்றே செய்ய வேண்டியவை சில. ஷெல் அமைப்புக் கோப்பின் கடைசியில் ஸாக்ஸைடைத் தொடங்கிவைக்கும் இனிட் வரியைச் சேருங்கள். ஸெட்-ஷெல் என்றால் நிறைவு அமைப்பை இயக்கும் வரிக்குப் பிறகு வர வேண்டும், மாறி வந்தால் டேப் வேலை செய்யாது. எக்கோ மாறியை 1 ஆக்குங்கள், ஒவ்வொரு தாவலிலும் பாதை திரையில் தெரியும். விலக்க வேண்டிய ஃபோல்டர்களின் மாறியில் தற்காலிக ஃபோல்டர்களையும் காப்புப்பிரதி ஃபோல்டர்களையும் சேருங்கள். இயல்பாக அதில் இருப்பது உங்கள் வீட்டு ஃபோல்டர். புதிதாக எழுதும்போது அதையும் மறுபடி சேர்க்க வேண்டும். மேலே சொன்ன ~/பழையவைக்குள் உள்ளவை எல்லாம் (~/பழையவை/*) இந்த மாறியில் இருந்திருந்தால் அந்தக் குழப்பமே வந்திருக்காது. ஏற்கெனவே ஏறிவிட்ட வேண்டாத பாதையை ரிமூவ் துணைக்கட்டளையால் எடுத்துவிடலாம். கொயரி துணைக்கட்டளையிடம் பட்டியலும் மதிப்பெண்ணும் கேட்டால் யார் யாருக்கு எவ்வளவு என்று தெரியும்.

எஃப்ஸெட்எஃப்: முழு ஃபஸ்ஸி, ஆனால் கண்முன்னே

ஜுனேகுன் சோய் எழுதிய எஃப்ஸெட்எஃப் 2013இல் ரூபியில் தொடங்கி, பின்னர் கோ மொழிக்கு மாறியது. ஃபோல்டர் தாவுவது இதன் ஒரு மூலை மட்டுமே. ஆல்ட்-சி அழுத்தினால் நடப்பு ஃபோல்டருக்குக் கீழே உள்ள அத்தனை துணை ஃபோல்டர்களையும் துழாவிப் பட்டியலிடும். தட்டத் தட்டப் பட்டியல் சுருங்கும். பார்த்து என்டர் அடித்தால்தான் தாவும். பொருத்தம் தளர்வானதுதான், இருந்தும் பாதுகாப்பில் சிடிக்கு அடுத்த இடம் இதற்கு. ஊகம் தவறினால் நீங்கள் பார்த்துவிடுகிறீர்கள்.

எந்த வரி மேலே வரும் என்பதற்கும் கணக்கு உண்டு. பொருந்தும் ஒவ்வொரு எழுத்துக்கும் 16. இடைவெளி தொடங்கினால் 3 கழியும், நீளும் ஒவ்வோர் எழுத்துக்கும் 1 கழியும். சொல்லின் தொடக்கத்தில் பொருந்தினால் 8 கூடும். அடுத்தடுத்துப் பொருந்தினாலும் கூடும். ஆங்கிலப் பெயர்களில் இது அருமையாக வேலை செய்யும். தமிழில் ஒரு கோணல். கால், கொம்பு, புள்ளி போன்ற குறிகள் யூனிகோடு வகைப்பாட்டில் எழுத்து என்ற பிரிவில் சேராதவை. எஃப்ஸெட்எஃப் அவற்றைச் சொல்லுக்கு வெளியே உள்ள குறியாக எடுத்துக்கொள்வதால், குறி உள்ள ஒவ்வோர் எழுத்துக்குப் பின்னும் புதுச் சொல் தொடங்குவதாக நினைத்துக்கொண்டு ஊக்க மதிப்பெண் கொடுக்கிறது. விளைவு: சிதறிக் கிடக்கும் பொருத்தமும் கோத்தாற்போல் வரும் பொருத்தமும் மதிப்பெண்ணில் நெருங்கிவிடுகின்றன. வரிசை தவறாகிவிடாது, ஆனால் ஆங்கிலத்தில் முதல் வரியை நம்பி என்டர் அடிக்கும் கை தமிழில் ஒரு கணம் நின்று பார்க்க வேண்டும்.

தமிழில் இதற்கு ஒரு சுகமும் உண்டு. குறிகளையெல்லாம் விட்டு மெய்களை மட்டும் தட்டலாம். "தடகள" என்றால் "திட்டங்கள்" வந்துவிடும். "தடகளம்" என்று விளையாட்டுத் துறை ஃபோல்டர் ஒன்று இருந்தால் அதுவும் வரும், அதுவே மேலேயும் நிற்கும்.

தளர்வு அதிகமாகத் தோன்றினால் அதே பெட்டிக்குள் கறாராக்கலாம். சொல்லுக்கு முன் ஒற்றை மேற்கோள் போட்டால் அந்தச் சொல் துண்டாக அப்படியே இருக்க வேண்டும். ^ போட்டால் தொடக்கத்தில், கடைசியில் $ போட்டால் இறுதியில்,! போட்டால் அந்தச் சொல் இருக்கவே கூடாது. இடைவெளி விட்டு எத்தனை நிபந்தனையும் சேர்க்கலாம். "தடகள !ளம்" என்றால் விளையாட்டுத் துறை ஒதுங்கிக்கொள்ளும். எப்போதும் கறாராகவே வேண்டும் என்பவர்கள் -இ விருப்பத்தைக் கொடுத்துவிடலாம். அப்போது ஒற்றை மேற்கோள் தலைகீழாகி ஃபஸ்ஸியைக் குறிக்கும்.

என்ன தவறும்? பெரிய ஃபோல்டர் மரத்தின் உச்சியிலோ நெட்வொர்க் டிரைவிலோ நின்று ஆல்ட்-சி அழுத்தினால் துழாவல் முடிய நேரமாகும். 0.48 பதிப்பு முதல் துழாவும் பகுதி உள்ளேயே இருக்கிறது, கிட் என்ற பதிப்புக் கருவியின் உள் ஃபோல்டரையும் நோட் மாட்யூல்ஸ் என்ற நூலக ஃபோல்டரையும் இயல்பாகவே தாண்டிவிடும். அதற்கு முந்தைய பதிப்பு வந்திருக்கும் லினக்ஸ் வெளியீடுகளில் ஆல்ட்-சிக்கான கட்டளை மாறியில் நீங்களே விலக்கு எழுத வேண்டும். மேக்கில் ஆல்ட்-சி அழுத்தினால் வால் முளைத்த சி ஒன்று திரையில் விழும்; ஆப்ஷன் விசையை மெட்டாவாகப் பயன்படுத்தும்படி டெர்மினல் அமைப்பில் மாற்றினால் சரியாகும்.

ஸாக்ஸைடின் நினைவையும் எஃப்ஸெட்எஃப்பின் பட்டியலையும் சேர்த்தால் ஸெட்ஐ கட்டளை. போன இடங்கள் மட்டும், ஃபிரீசென்சி வரிசையில், பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். எஃப்ஸெட்எஃப் நிறுவியிருக்க வேண்டும், வேறு அமைப்பு தேவையில்லை. எங்கள் கணக்கில் இதுவே மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் பயன்பட வேண்டிய கட்டளை. ஓரெழுத்து கூடுதல் என்பதற்காகவே ஒதுக்கப்படுகிறது.

ஒரே பெயர், இரண்டு பைட் வரிசை

பெயரைச் சரியாகத் தட்டியும் சிடி "இல்லை" என்று சொல்லும் நிலை தமிழில் உண்டு. "கொ" என்பதை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: க, ஒகரக்குறி என்று இரண்டு குறியாக, 6 பைட், அல்லது க, ஒற்றைக்கொம்பு, கால் என்று மூன்று குறியாக, 9 பைட். கோ, கௌ வரிசைகளுக்கும் இதே கதை. திரையில் வேறுபாடே தெரியாது. லினக்ஸுக்குக் கோப்புப் பெயர் என்பது வெறும் பைட் வரிசை, அதனால் இரண்டும் வேறு வேறு ஃபோல்டர்கள். பழைய மேக்கின் எச்எஃப்எஸ் பிளஸ் வட்டு பெயர்களைப் பிரித்த வடிவிலேயே சேமிக்கும். அங்கிருந்து லினக்ஸுக்கு நகலெடுத்தால் பிரிந்த பெயர்கள் கூடவே வரும். நம் தட்டச்சு முறைகளோ பெரும்பாலும் சேர்ந்த வடிவத்தைத் தருகின்றன.

இந்த நிலையில் "கொள்முதல்" என்று முழுதாகத் தட்டினால் சிடி தோற்கும், "கொ" வரை தட்டி டேப் அடித்தாலும் தோற்கும், ஸாக்ஸைடும் எஃப்ஸெட்எஃப்பும் தோற்கும். எஃப்ஸெட்எஃப் செய்யும் வடிவச் சீராக்கம் லத்தீன் எழுத்துகளுக்கு மட்டும். ஆனால் "க" மட்டும் தட்டி டேப் அடித்தால் வரும். எஃப்ஸெட்எஃப்பில் "களமதல" என்று குறிகளை விட்டால் இரண்டு வடிவமும் வரும். நிரந்தரத் தீர்வு கான்வ்எம்வி என்ற கருவி. யுடிஎஃப்-8இலிருந்து யுடிஎஃப்-8க்கு, என்எஃப்சி (சேர்ந்த வடிவம்) விருப்பத்தோடு, உள்ஃபோல்டர்களுக்கும் சேர்த்து ஓட்டினால் முதலில் என்ன மாறும் என்று காட்டும். சரி என்றால் நோடெஸ்ட் விருப்பம் சேர்த்து மறுபடி ஓட்ட, பெயர்கள் மாறும்.

எதற்கு எது

"சிடி செய், வெற்றி என்றால் மட்டும் அழி" என்று && போட்டு எழுதுவது எல்லோரும் சொல்லித்தரும் பாதுகாப்பு. சிடிக்கு அது சரி: ஃபோல்டர் இல்லையென்றால் தோல்வி, அழிப்பு நடக்காது. சிடிக்குப் பதில் ஸெட் போட்டால் அந்தப் பாதுகாப்பு காணாமல் போகிறது. தவறான ஃபோல்டருக்குத் தாவினாலும் தாவல் வெற்றிதான்; && கதவைத் திறந்துவிடும். ஊகிக்கும் கட்டளைக்குப் பின்னால் && போட்டு அழிக்கும், நகர்த்தும், வெளியிடும் கட்டளை எதையும் கோக்காதீர்கள். ஒரே வரியில் வேண்டுமென்றால் முழுப் பாதை.

ஸ்கிரிப்டுக்கும் குறித்த நேரத்தில் தானே ஓடும் கிரான் வேலைக்கும் இதில் விவாதமே கிடையாது, முழுப் பாதை மட்டும். சர்வரில், அதிலும் பலர் ஒரே கணக்கில் நுழையும் சர்வரில், ஸாக்ஸைடு வேண்டாம். ஐந்து பேரின் பழக்கம் ஒரே தரவுத்தளத்தில் கலந்து, நீங்கள் கேட்டதற்கு வேறொருவரின் ஃபோல்டர் விடையாக வரும். அங்கே சிடி, டேப், எக்ஸ்போர்ட் செய்யாத சிடிபாத்.

சொந்த லேப்டாப்பில் தினமும் முப்பது நாற்பது ஃபோல்டர்களுக்கு இடையே அலைபவருக்கு ஸாக்ஸைடு, எஃப்ஸெட்எஃப் இரண்டும். பெயர் ஒன்றேதான் என்று உறுதியாகத் தெரிந்தால் ஸெட், சந்தேகம் இருந்தால் ஸெட்ஐ, போகாத இடம் என்றால் ஆல்ட்-சி. ஆட்டோஜம்ப் பழகிப்போனவர்கள் விட வேண்டியதில்லை. புதிதாகத் தொடங்குபவர் அதைத் தேர்ந்தெடுக்கக் காரணம் எதுவும் தெரியவில்லை. ஆட்டோஜம்ப்பிலிருந்து மாற நினைப்பவர்களுக்கு ஸாக்ஸைடில் இம்போர்ட் துணைக்கட்டளை இருக்கிறது, சேர்த்துவைத்த மதிப்பெண்கள் வீணாகாது.

ஸாக்ஸைடை நிறுவும்போது இனிட் வரியில் சிடி என்ற பெயரையே அதற்குக் கொடுத்துவிடும் விருப்பம் ஒன்று உண்டு. கண்முன் இருக்கும் ஃபோல்டருக்கு அது பழைய சிடி போலவே நடந்துகொள்வதால் முதல் சில வாரம் எந்த வேறுபாடும் தெரியாது. வேறுபாடு தெரிவது யாரோ அனுப்பிய வழிமுறையிலிருந்து நான்கு வரியை நகலெடுத்து ஒட்டும் அன்று. முதல் வரி "சிடி வெளியீடு". உங்கள் கணினியில் நின்ற இடத்தில் அப்படி ஃபோல்டர் இல்லை, வழிமுறை அங்கேயே பிழை காட்டி நின்றிருக்க வேண்டும். சிடி என்ற முகமூடி போட்ட ஸெட் போன மாதம் போன வேறொரு வெளியீட்டைக் கண்டுபிடித்துப் போய்விடும். மீதி மூன்று வரியும் அங்கே ஓடும். ஸெட்டை ஸெட்டாகவே வைத்துக்கொள்ளுங்கள்.